விறகோடு தண்ணீருக்கும் காசு கொடுக்காதீர்கள்

கொழும்பில் இருந்துகொண்டு விறகைப் பற்றி எழுதினால் சிலர் சிரிக்கக்கூடும். 2022-இல் காஸ் தட்டுப்பாட்டில் வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டு வரிசையில் கட்டிவிட்டு வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கடையில் கிடையாது. அப்போது பின்வளவில் அடுப்பு வைத்த வீடுகள் பல, காஸ் வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டன. எங்கள் அம்மா விடவில்லை. சோறு, கறி, குளிக்கச் சுடுதண்ணி எல்லாம் இன்றைக்கும் இரண்டு வாய் வைத்த அனகி மண் அடுப்பில்தான். காஸ் தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும். விறகு தேடுவது என் பொறுப்பு.

நாங்கள் இருப்பது தெஹிவளை. காலி வீதியில் தெற்கே போனால் மொறட்டுவை, தளபாடம் செய்கிறவர்களின் ஊர். பட்டறைகளில் தேக்கு, மகோகனி, பலா என்று வெட்டித் தள்ளிய துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றின் பெருமை விலையில் இல்லை. தளபாடத்துக்கு எடுத்த மரம் ஏற்கெனவே காய்ந்தது. கொண்டுவந்த அன்றே அடுப்பில் வைக்கலாம். சனிக்கிழமை பின்னேரம், பட்டறையைக் கூட்டி அள்ளும் நேரத்தில், உங்கள் சாக்கோடு போங்கள். "தர தியெனவத மல்லி?" (விறகு இருக்கா தம்பி?) என்று சிங்களத்தில் சிரித்த முகத்தோடு கேட்டால் பெரும்பாலும் சாக்கு நிரம்பும். ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். என்ற மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை, வார்னிஷ் பூசிய கதிரைக் கால் கைகள் இவற்றை அங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். பசையும் பூச்சும் எரிந்த புகை சோற்றுப் பானையைச் சுற்றி வருவது நல்லதில்லை. பழைய ரயில் சிலிப்பர் கட்டையும் அப்படித்தான். உளுக்காமல் இருக்க அதில் ஏற்றிய எண்ணெய் அடுப்புக்கு ஆகாது.

ஆனால் துண்டு விறகு சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். நின்று எரிய உருளைக் கட்டை வேண்டும். அதற்கு இறப்பர். அவிசாவளை, களுத்துறைப் பக்கத் தோட்டங்களில் பால் குறைந்த மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடுகை செய்வார்கள். அந்தக் கட்டைகள் வெதுப்பகங்களுக்கும் விறகுகாலைகளுக்கும் லொறியில் வருகின்றன. காசு தண்ணீராகப் போவது இங்கேதான். பச்சை மரத்தின் நிறையில் பாதிக்குக் கிட்ட ஈரம். காய்ந்த பிறகும் அதில் கொஞ்சம் நிற்கும். 100 கிலோ நிறுத்து வாங்கினால், காய்ந்து அடுப்புக்குத் தயாராகும்போது 70 கிலோ அளவுதான் மிஞ்சும். ஆகவே கிலோக் கணக்கில் பச்சை விறகு வாங்காதீர்கள். லொறிக் கணக்கிலோ குவியலாகவோ விலை பேசுங்கள். நிறுத்துத்தான் தருவேன் என்றால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இறப்பரை வாங்கிவந்து அப்படியே போட்டு வைக்கக்கூடாது. ஈரத்தோடு உருளையாகக் கிடந்தால் நீலக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். வந்த கிழமையே ஓரடி நீளத்துக்கு அறுத்துப் பிளந்துவிட வேண்டும். பச்சையில் இறப்பர் நன்றாகப் பிளக்கும். நடுவில் கோடரியைப் போடாமல் ஓரத்திலிருந்து சீவிச் சீவி உள்ளே வாருங்கள். கணு இருந்தால் ஆப்பும் சம்மட்டியும். தென்னங்குற்றியோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். அது நாராகக் கிழியுமே தவிரப் பிளக்காது. தென்னையில் நமக்கு ஆவது சிரட்டை, பொச்சு, மட்டை, பாளை. அடுப்பு மூட்ட அதைவிட என்ன வேண்டும்?

நோர்வேயில் இருக்கும் மச்சான் வீட்டையே விறகில்தான் சூடாக்குகிறார். அங்கே பேர்ச் மரம். பனி விடும் காலத்தில் பிளந்து அடுக்கி, கோடை முழுக்கக் காயவைத்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் அடுப்பில் வைப்பாராம். ஈர விறகின் புகை குழாயில் தாராகப் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு. நமக்கு அந்த ஆபத்து குறைவு, காற்றில் ஈரம்தான் கூட. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிவிடும். ஆகவே நான் வாங்குவது தைப்பொங்கல் கழிந்த கையோடு. மாசி, பங்குனி வெயில் இலவசம்.

அடுக்குவதற்கு இரண்டு வரிசை சீமெந்துக் கல், மேலே தகரம், பக்கமெல்லாம் திறந்து காற்றோட்டம். மண்ணில் வைத்தால் கறையானுக்குத்தான் விருந்து. சுவரோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். இடுக்கில் தேளும் பூரானும் குடியேறும். காய்ந்துவிட்டதா என்று அறிய ஈரமானி தேவையில்லை. ஒரு கட்டையைக் குசினித் தராசில் நிறுத்து, அதன் முகத்திலேயே நிறையை எழுதி அடுக்கில் செருகுங்கள். கிழமைக்கொருமுறை நிறுங்கள். என்னிடம் இப்போது இருக்கும் ஒரு கட்டையில் 1,420, 1,260, 1,140, 1,085 கிராம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சிலில் இருக்கிறது. நிறை இறங்குவது நின்றால் எரிக்கலாம். அம்மாவுக்குத் தராசே வேண்டாம். கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பச்சை தம்பி, கொண்டுபோய் வை" என்பார்.

மேல்மாடிக்காரர் புகைக்குச் சண்டைக்கு வந்தது உண்மைதான். விறகு காய்ந்த பிறகு புகை பாதியாகக் குறைந்தது. மீதிக்குப் புகைக்கூட்டை இரண்டடி உயர்த்தினோம். இப்போது பேசுகிறார், சிரட்டைகூடச் சேர்த்துத் தருகிறார். சாம்பலில் கொஞ்சம் பானை துலக்க, கொஞ்சம் வாழையடிக்கு. பட்டறைத் துண்டில் பூச்சு ஏதும் தப்பி வந்திருந்தால் அந்தச் சாம்பலை மட்டும் குப்பைக்குப் போடுகிறேன்.