தம்புச் செட்டித் தெரு அலுவலகம் பாஸ்வேர்டிலிருந்து சாவிக்கு மாறியது: செய்த வேலையும் இடறிய இடங்களும்

கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம், 11 பேர். சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு சர்வர், வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் ஒன்று, மணலி கிடங்கில் ஒரு சின்னப் பெட்டி. கார்த்திகை மழையில் கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் தண்ணீரில் நின்றால் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்தாக வேண்டும்; பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்வது) மழைக்காகக் காத்திருக்காது. இத்தனைக்கும் இருந்தது ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் வாசலான 22-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் முன்பின் தெரியாத ஐபிகளிலிருந்து பாஸ்வேர்டு ஊகித்துப் பார்ப்பது இரவு பகலாக நடக்கும், சர்வரின் லாகை (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவை) திறந்தாலே தெரியும்.

எஸ்எஸ்எச் சாவி என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. கஸ்டம்ஸ் வேலைக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் செருகிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே. இதுவும் கையெழுத்துதான். சாவி ஒரு ஜோடி: பிரைவேட் கீ, பப்ளிக் கீ. பிரைவேட் கீ உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. ஒவ்வொரு லாகினுக்கும் அது ஒரு கையெழுத்துப் போடுகிறது, சர்வர் தன்னிடம் உள்ள பப்ளிக் கீயை வைத்து அதைச் சரிபார்க்கிறது. பாஸ்வேர்டு என்று எதுவும் ஒயரில் போவதில்லை. பின்லாந்தில் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்துத்தான் தாது யிலோனென் 1995-ல் எஸ்எஸ்எச்சை எழுதினார். இன்று நாம் புழங்குவது 1999-ல் ஓபன்பிஎஸ்டி குழு தொடங்கிய ஓபன்எஸ்எஸ்எச்.

சாவிக்கு முன் ஒரு வேலை: ஆளுக்கு ஒரு யூசர். எல்லோரும் ஒரே யூசரில் 11 சாவியோடு நுழைந்தால் பாதிப் பலன்தான். யார் நுழைந்தார் என்று லாகில் தெரியும். உள்ளே போய் ஃபைலை அழித்தது யார் என்று தெரியாது.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்து; ‘-டி’ என்று வருமிடமெல்லாம் t, d அல்ல. எஸ்எஸ்எச்-கீஜென், அதற்குப் பின் -டி இடி25519, -ஏ 100, பெரிய எழுத்தில் -சி, அதோடு ஒரு அடையாளம். அடையாளத்துக்கு நாங்கள் வைத்த முறை ஆள், கணினி, மாதம்: ‘கணக்கு-லேப்டாப்-2025-01’. சாவியின் பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். ஆனால் ஒரு வருடம் கழித்து சர்வரில் உள்ள 20 சாவி வரியை வைத்துக்கொண்டு விழிக்கும்போது இது ஒன்றுதான் கைகொடுக்கும்.

சாவி வகைகளில் இடி25519 ஏன்? சின்னது, வேகமானது, 2014 ஜனவரியில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 6.5 முதலே எல்லா இடத்திலும் ஓடுகிறது. 2023-ல் வந்த 9.5 முதல் எதுவும் சொல்லாமல் விட்டாலே கீஜென் இதைத்தான் செய்கிறது. மிகப் பழைய பெட்டி ஏதாவது இதை ஏற்காவிட்டால் மட்டும் ஆர்எஸ்ஏ 4096. டிஎஸ்ஏ சாவி இன்னும் வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள், 2025-ல் வந்த 10.0-வில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 0.68 முதல் 0.80 வரையிலான புட்டியில் என்ஐஎஸ்டி பி-521 வகைச் சாவி பயன்படுத்தியிருந்தால் சுமார் 60 கையெழுத்துகளை வைத்தே பிரைவேட் கீயைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று 2024-ல் தெரியவந்தது. 0.81-க்கு மாறினால் மட்டும் போதாது. அந்தச் சாவியையே சர்வர்களிலிருந்து எடுத்தாக வேண்டும், ஏனென்றால் பழைய கையெழுத்துகள் ஏற்கெனவே வெளியே போய்விட்டன.

பிரைவேட் கீ ஃபைலையே பூட்டும் ரகசியச் சொற்றொடரான பாஸ்ஃபிரேஸைக் காலியாக விடக்கூடாது. சாவி கையில் கிடைத்தவன் அதைத் திறக்க ஊகித்துப் பார்ப்பதைத் தாமதப்படுத்தத்தான் அந்த -ஏ 100, சொல்லாவிட்டால் 16. நாலைந்து சம்பந்தமில்லாத தமிழ்ச் சொற்களை அடுக்கினால் நல்ல பாஸ்ஃபிரேஸ் கிடைக்கும். ஆனால் தமிழ் எழுத்தில் வைக்க வேண்டாம். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரு கீபோர்டு ஒரே குறியீடாக அனுப்பும், இன்னொன்று ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. வீட்டில் திறக்கும் சாவி அலுவலகத்தில் திறக்காது. அதே சொற்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், ‘வாழை’யை எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்ததுதான் அதிகம் இடறும் இடம். கீஜென் இரண்டு ஃபைல் தரும், ஒன்றின் வாலில் ‘.பப்’ இருக்கும், மற்றதற்கு வால் கிடையாது. வால் உள்ளது பப்ளிக் கீ, அதைத்தான் அனுப்ப வேண்டும். இதைப் படம் போட்டு விளக்கியும் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார்.

“தம்பி, பப்னு இருக்கிறதைத் தொட்டா பப்ளிஷர் தொறந்து என்னமோ எர்ரர் காட்டுது. கெட்டுப்போச்சு போலன்னு இன்னொண்ணை குரூப்ல போட்டுட்டேன்பா.”

அவர் மேல் தப்பில்லை. ஆபீஸ் மென்பொருளில் பப்ளிஷர் இருக்கும் விண்டோஸ் கணினியில் .பப் என்றாலே அதன் ஃபைல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நோட்பேடில் திறக்கச் சொல்லுங்கள். ‘பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ’ என்று தொடங்கிப் பல வரி ஓடினால் அது வெளியே போகவே கூடாதது. ‘எஸ்எஸ்எச்-இடி25519’ என்று தொடங்கி ஒரே வரியில் முடிந்தால் அதுதான் அனுப்ப வேண்டியது. வாட்ஸாப்பில் ஒருமுறை போன பிரைவேட் கீ செத்த சாவி, பாஸ்ஃபிரேஸ் இருந்தாலும் சரி, மெசேஜை அழித்திருந்தாலும் சரி. புதிது செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும், அக்காவுக்கும் அப்படியே செய்தோம்.

வந்த பப்ளிக் கீயைச் சரிபார்ப்பதிலும் ஒரு பிசகு உண்டு. இடி25519 பப்ளிக் கீயின் நடுப்பகுதி 68 எழுத்து. அதில் முதல் 25 எழுத்து உலகத்தில் உள்ள எல்லா இடி25519 சாவிக்கும் ஒன்றுதான், வகையின் பெயரும் நீளமும்தான் அங்கே எழுதியிருக்கிறது. ஆரம்பத்தைப் பார்த்துவிட்டு ‘இது ஏற்கெனவே இருக்கே’ என்று விட்டுவிடாதீர்கள். கடைசி எழுத்துகளைப் பாருங்கள். அதைவிட நல்லது, கீஜென் -எல்எஃப் போட்டுக் கைரேகையை (சாவியின் சுருக்க அடையாளத்தை) எடுத்துப் போனில் வாசித்துச் சரிபார்ப்பது.

சர்வரில் ஏற்றுவதற்கு லினக்ஸ், மேக் கணினியில் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி இருக்கிறது. விண்டோஸோடு வரும் எஸ்எஸ்எச்சில் அது இல்லாததால் நுழைய அனுமதி உள்ள சாவிகளை வரிக்கு ஒன்றாக வைக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் நாமே ஒட்ட வேண்டும். >> போட வேண்டிய இடத்தில் ஒற்றை > விழுந்தால் மற்ற அத்தனை பேர் சாவியும் போய்விடும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ஃபைலின் கடைசி வரி என்டர் இல்லாமல் முடிந்திருந்தால் புதுச் சாவி அதே வரியின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். முந்தைய ஆளின் சாவி வேலை செய்யும், புதியது அவருடைய அடையாளக் குறிப்பின் நீட்சியாகிவிடும். புட்டியோடு வரும் சாவி செய்யும் கருவியான புட்டிஜென்னில் ‘சேவ் பப்ளிக் கீ’ அழுத்தினால் வருவது பல வரி வடிவம், அது இந்த ஃபைலுக்கு ஆகாது. மேலே பெட்டியில் காட்டும் ஒற்றை வரியைத்தான் நகலெடுக்க வேண்டும்.

பிறகு பெர்மிஷன். புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸுக்கு 600, உரிமையாளர் அந்த யூசரே; அவரைத் தவிர மற்றவர் தொட முடியாது என்று பொருள். இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு யூசருக்கு மட்டும் பாஸ்வேர்டே கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்கேனர் நேரடியாகப் போடட்டும் என்று அவருடைய ஹோம் ஃபோல்டரையே எப்போதோ 777, அதாவது யாரும் எழுதலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் எழுதக்கூடிய ஹோமுக்குள் இருக்கும் சாவியைச் சர்வர் நம்பாது. யார் வேண்டுமானாலும் ஃபோல்டரையே மாற்றி வைத்துவிடலாமே. லாகின் செய்கிறவருக்கு இது எதையும் சொல்லாது. சர்வரின் ஆத் லாகில் மட்டும் ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். சாவி ஏற்கவில்லை என்று யார் சொன்னாலும் முதலில் அந்த லாகைத் திறங்கள், பிறகு கிளையன்ட் பக்கம் (நுழைகிறவர் கணினியில்) எஸ்எஸ்எச் -வி போட்டு எந்தச் சாவியை நீட்டுகிறது என்று பாருங்கள்.

நிறைய சாவி ஏஜென்டில் (திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரலில்) ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு ‘டூ மெனி ஆதன்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ வரும். ஏஜென்ட் ஒவ்வொரு சாவியாக நீட்டும், ஒவ்வொன்றும் ஒரு முயற்சி. சர்வர் வழக்கமாக 6 வரைதான் பொறுக்கும், சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதுவரை போகாது. கான்ஃபிக் ஃபைலில் அந்த ஹோஸ்டுக்கு எந்தச் சாவி என்று எழுதி, ‘ஐடென்டிட்டீஸ் ஒன்லி யெஸ்’ போட்டால் தீர்ந்தது. ஏஜென்டில் ஏற்றும்போதே -டி 8எச் என்று கெடு வைப்பது நல்லது, மாலையில் தானே மறந்துவிடும்.

மறுபக்கமும் இருக்கிறது: நீங்கள் நுழைவது உங்கள் சர்வர்தானா? முதல் முறை அது கைரேகையைக் காட்டிக் கேட்கும், எல்லோரும் யெஸ் தட்டிவிடுவார்கள். சர்வரின் முன்னால் உட்கார்ந்து அதன் ஹோஸ்ட் கீயின் (சர்வரின் சொந்தச் சாவியின்) கைரேகையை எடுத்து அச்சடித்து ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தோம். யெஸ்ஸுக்குப் பதிலாக அந்தக் கைரேகையையே அங்கே ஒட்டலாம், பொருந்தினால்தான் உள்ளே விடும். பின்னாளில் ‘ஹோஸ்ட் மாறிவிட்டது’ என்ற பெரிய எச்சரிக்கை வந்தால், சர்வரை மறுபடி நிறுவினோமா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்த பிறகே எஸ்எஸ்எச்-கீஜென்னில் பெரிய எழுத்து -ஆர் போட்டுப் பழையதை நீக்குங்கள்.

பாஸ்வேர்டை மூடுவது கடைசி வேலை. 11 பேரும் சாவியோடு ஒருமுறையாவது நுழைந்ததை லாகில் பார்த்த பிறகுதான் தொட்டோம். சர்வரின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் எழுதியது: பாஸ்வேர்டு ஆதன்டிகேஷன் நோ, கேபிடி இன்டராக்டிவ் ஆதன்டிகேஷன் நோ, பெர்மிட் ரூட் லாகின் நோ (ரூட் என்பது முழு அதிகாரமுள்ள யூசர்). இரண்டாவதை விட்டுவிட்டால் பாஸ்வேர்டு வேறு வாசலால் கேட்கப்படும். கிளவுட் சர்வரில் இதெல்லாம் எழுதியும் பாஸ்வேர்டு வேலை செய்தது. உபுண்டுவில் முதன்மை ஃபைலின் தலையிலேயே ஒரு துணை ஃபோல்டரை வாசிக்கச் சொல்லியிருக்கும், அங்கே 50-கிளவுட்-இனிட் என்ற ஃபைலில் ‘யெஸ்’ இருந்தது. எஸ்எஸ்எச்டிக்கு (சர்வர் பக்கத்து எஸ்எஸ்எச் நிரலுக்கு) முதலில் கண்ணில் படுவதுதான் சட்டம், பின்னால் எழுதுவதைக் கணக்கில் எடுக்காது. எந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காமல் எஸ்எஸ்எச்டி பெரிய எழுத்து -டி போட்டால், கடைசியில் எது செல்லுபடியாகிறதோ அதைப் பட்டியல் போட்டுத் தரும். சின்ன எழுத்து -டி போட்டால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சோதிக்கும். அந்தச் சோதனை இல்லாமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாமல் வைத்து, இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். பெட்டி மணலியில் இருந்து, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் வெளியே மாட்டிக்கொண்டால் அந்த நாள் போச்சு.

மணலிப் பெட்டியிலிருந்து இரவு பேக்கப் தானாக ஓடுகிறது. அந்தச் சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்க முடியாது, நள்ளிரவில் தட்ட ஆள் கிடையாது. அதனால் சர்வரில் அந்த வரியின் தலையில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று எழுதி, ‘கமாண்ட்=’ போட்டு பேக்கப் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடும்படி கட்டினோம். பெட்டியே களவு போனாலும் அந்தச் சாவியால் ஷெல் (கட்டளை தட்டும் இடம்) திறக்காது. ‘ஃப்ரம்=’ போட்டு ஐபியையும் கட்டலாம், ஆனால் நிலையான ஐபி இருந்தால் மட்டும்; சாதாரண பிராட்பேண்டில் ஐபி மாறும், பேக்கப் நிற்கும்.

ஆள் போகும்போது செய்வதை இந்த வரிசையில் வைத்திருக்கிறோம். அவர் வரியை எல்லாச் சர்வரிலும் எடு. திறந்திருக்கும் செஷனைக் கொல், ஏனென்றால் அந்த ஃபைலை நுழையும்போது மட்டும்தான் பார்க்கிறது, உள்ளே இருப்பவரை வெளியே தள்ளாது. பிறகு கணக்கையே காலாவதியாக்கு. பாஸ்வேர்டைப் பூட்டும் கட்டளை மட்டும் போதும் என்று நினைப்பது பரவலான தவறு, சாவி வழியாக அப்போதும் நுழையலாம். ரூட்டின் ஆத்தரைஸ்டு கீஸையும் பாருங்கள், அவசரத்துக்கு யாரோ ஏற்றியது அங்கேதான் கிடக்கும். லேப்டாப் தொலைந்தாலும் இதே வரிசைதான்.

பிரைவேட் கீயை பேக்கப் எடுப்பதில்லை, தொலைந்தால் புதிது. நிர்வாகி ஒருவருக்கு மட்டும் இரண்டாவது சாவி ஒரு எஃப்ஐடிஓ டோக்கனில் (யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புக் கருவியில்), இடி25519-எஸ்கே வகை, இரும்பு அலமாரியில் இருக்கிறது. கடற்காற்றில் யுஎஸ்பி முனை பூத்துப்போகும் ஊர் இது, ஜிப் பையில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து மாதம் ஒருமுறை செருகிப் பார்க்கிறோம்.

பதிவேடு ஒரு சாதாரண எக்செல் தாள்: ஆள், கணினி, கைரேகை, தேதி, எந்தெந்தச் சர்வர். போகியை ஒட்டி ஒருமுறை, ஆடியில் ஒருமுறை சர்வரில் உள்ளதையும் தாளில் உள்ளதையும் ஒப்பிடுகிறோம். முதல் ஒப்பீட்டில் 3 வரிக்கு ஆள் தெரியவில்லை. ஒவ்வொரு லாகினிலும் சாவியின் கைரேகை லாகில் பதிவாகும் என்பதால் முதலில் அங்கே தேடினோம். உபுண்டுவில் ஆத் லாக் வழக்கமாக நாலைந்து வாரம்தான் இருக்கும், மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலை அதில் சிக்காமல் போகலாம். அதனால் அழிக்காமல் மூன்று வரிக்கும் முன்னால் # போட்டு ஒரு மாதம் விட்டோம். 31-ஆம் தேதி இரவு மாதாந்தர பில் நகல் போகவில்லை; ஒரு வரி யாருடையது என்று தெரிந்துவிட்டது. அதைப் பதிவேட்டில் ஏற்றி, ‘ரெஸ்ட்ரிக்ட்’ சேர்த்துத் திரும்பத் திறந்தோம். மற்ற இரண்டையும் அழித்தோம்.