கடைப் படியை இடிக்கச் சொன்னவர்கள் எப்படிக் கட்டுவது என்று சொல்லவில்லை

நகராட்சியிலிருந்து வந்த நோட்டீஸில் விஷயம் ஒரே வரிதான். மழைநீர் வடிகால் மேல் இருக்கும் படிகளைக் கெடுவுக்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களே இடித்துவிட்டுச் செலவை நம்மிடம் வசூலிப்பார்கள். எங்களுடையது டெல்டா பக்கத்துப் பழைய கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள். பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரம். படியை எடுத்தால் கடைக்குள் யாரும் ஏற முடியாது.

வடிகால் மேல் படி இருந்தது தப்புதான், அதில் வாதமில்லை. அடுத்து என்ன கட்டலாம் என்று கேட்கப் போனபோதுதான் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. முன்கவுண்டரில் இருந்தவர் பொறியியல் பிரிவைக் கை காட்டினார். அங்கே, "வடிகால் மட்டும்தான் சார் எங்க வேலை, நகரமைப்புப் பிரிவுல கேளுங்க" என்றார்கள். நகரமைப்புப் பிரிவில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ரெண்டு படிக்கு எதுக்கு சார் அனுமதி?" படியைக் கடைக்குள் இழுக்க வேண்டும், ஷட்டரைப் பின்னால் தள்ள வேண்டும், முன்சுவரை வெட்டி உத்தரம் போட வேண்டும் என்று விவரமாகச் சொன்ன பிறகு, "அப்படின்னா பிளான் போட்டு ஆன்லைன்ல ஏத்துங்க" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் கிடைத்தார், நல்ல மனிதர். கணக்கை அவர் போட்டுக் காட்டியதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. பொதுமக்கள் ஏறும் படிக்கு ரைசர், அதாவது ஒரு படியின் உயரம், 150 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது; டிரெட், அதாவது கால் வைக்கும் அகலம், 300 மி.மீ.க்குக் குறையக்கூடாது. எங்கள் உயரத்துக்கு ஐந்து ரைசர், நான்கு டிரெட். ஆக நான்கு அடி. கைப்பிடி முதல் படியோடு நிற்கக்கூடாதாம், கீழேயும் மேலேயும் 300 மி.மீ. நீள வேண்டும். கீழே நீள்வது முன்சுவரைத் தாண்டி வடிகால் பக்கம் போனால் அதுவும் ஆக்கிரமிப்புதான். அதனால் படியே இன்னும் ஓர் அடி பின்னால் போக வேண்டும். ஐந்து அடி போனால் கல்லாப்பெட்டியை எங்கே வைப்பது?

சாய்தளம் பற்றியும் கேட்டேன். 1:12 சரிவு, அதாவது ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்றால், இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளம் வேண்டும். கடையின் நீளமே அவ்வளவு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தனியார் கடையையும் பொதுக் கட்டடமாகத்தான் பார்க்கிறது. வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழைய தெருக்களில் அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போதைக்குக் கைப்பிடியின் கீழ்முனைப் பக்கம் ஒரு அழைப்பு மணி வைத்திருக்கிறேன். அடித்தால் மருந்தோடு நானே இறங்கி வருவேன். அது சாய்தளத்துக்கு ஈடாகாது என்பது எனக்கும் தெரியும்.

விண்ணப்பம் ஏற்றியதும் திரும்பி வந்தது. பட்டா அப்பா பேரில், சொத்து வரி தாத்தா பேரில். வாரிசுச் சான்று, வரி பெயர் மாற்றம் என்று தனியாக ஒரு அலைச்சல். அதை எழுதினால் இந்தப் பதிவு முடியாது. பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் வரி ரசீதில் யார் பேர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இதிலே உருப்படியாக நடந்தது நில அளவைதான். எங்கள் முன்சுவர்தான் எல்லை என்று அலுவலகத்தில் எல்லோரும் அடித்துப் பேசினார்கள். பொறியாளருக்கு மட்டும் சந்தேகம். ஓட்டுச் சாய்ப்பிலிருந்து மழைத்தண்ணீர் விழுவதற்காக அந்தக் காலத்தில் சுவருக்கு வெளியே கொஞ்சம் சொந்த மண்ணை விட்டுத்தான் கட்டுவார்கள் என்றார். கட்டணம் கட்டி அளக்க மனுப் போட்டேன். சர்வேயர் வருவதாகச் சொன்ன நாட்களில் எல்லாம் கடையைப் பாதி மூடிவிட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம். கடைசியில் வந்து சங்கிலி பிடித்தபோது சுவருக்கு வெளியே முழுசாக ஓர் அடி எங்களுடையது. கைப்பிடிக்குத் தேவைப்பட்ட அதே ஓர் அடி! கல்லாப்பெட்டி தப்பித்தது.

அனுமதி வந்தது, சுவர் வெட்டி உத்தரம் போட்டது, இதெல்லாம் தொந்தரவில்லாமல் முடிந்தது. அப்புறம் கொத்தனாரோடு மல்லுக்கட்டு. பாலிஷ் கிரானைட்தான் கடைக்கு லட்சணம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மழை பெய்தால் அதில் எருமைகூட வழுக்கும். சொரசொரப்பான பிளேம் ஃபினிஷ் கல்லே போட வைத்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் சதுரக் குழாய் போட்டால் மலிவு என்றார். கை முழுசாகச் சுற்றிப் பிடிக்க வேண்டாமா? 38 முதல் 45 மி.மீ. உருண்டைக் குழாய்தான் வேண்டும், வெளிவிட்டம் ஒன்றரை அங்குலம் உள்ள குழாயே அதற்குள் வந்துவிடும். சுவருக்கும் குழாய்க்கும் இரண்டு அங்குலம் இடைவெளி என்று தாளில் எழுதிக் கொடுத்தும், ஓர் அங்குலத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். விரல்முட்டி சுவரில் உரசியது. மறுபடி கழற்ற வைத்தேன். இரண்டரை அடியில் ஒன்று, மூன்று அடியில் ஒன்று என்று இரண்டு குழாய் போட்டிருக்கிறோம். குள்ளமான பாட்டிகள் கீழ்க் குழாயைத்தான் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று. வடிகால் மூடி போட்டு முடிக்கும் முன் படி கட்டாதீர்கள். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் அவசரப்பட்டார். மூடி நாலு அங்குலம் உயர்ந்து வந்து, அவருடைய முதல் ரைசர் இரண்டு அங்குலமாகிவிட்டது. மற்றதெல்லாம் ஆறு. ஏறுகிறவர்கள் தினமும் தடுக்குகிறார்கள். மூடியின் மேல்மட்டம் எவ்வளவு என்று ஒப்பந்ததாரரின் மேஸ்திரியிடம் கேட்டால் சுவரில் கோடு போட்டுக் காட்டிவிடுவார். அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காது.

சர்வேயர் வரைபடத்தின் நகலை கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச ஆக்கிரமிப்பை எடுக்க ஜேசிபி வந்த அன்று, எங்கள் படிக்கு முன்னால் கிடக்கும் அந்த ஓர் அடித் தளத்தின் மேல் பல்லை வைத்துவிட்டான். ஓடிப்போய்ப் படத்தை நீட்டினேன். மேற்பார்வையாளர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, விடுப்பா" என்றார். வண்டி பாத்திரக்கடைப் பக்கம் நகர்ந்தது.