டிரான்ஸ்பர் கடிதத்தில் மருந்து கொடுத்த நேரம் இல்லை

மகனுக்குப் பிறந்த அன்றே வலிப்பு. பிரசவம் இழுத்துப்போய், மூளைக்கு ஒட்சிசன் போதாமல் பிறந்திருந்தான். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்து நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

பச்சைக் குழந்தைக்குப் பெரியவர்களைப் போல உடம்பு முழுக்க வெட்டி இழுப்பதில்லை. இவனுக்குக் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தியது, வாய் சப்புக்கொட்டியது, கால்கள் சைக்கிள் மிதித்தன, நடுவே மூச்சும் நின்றது. மனைவி நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டதற்கு, "குளிருக்கு நடுங்குது, போத்திவிடுங்க" என்று பதில் வந்தது. மனைவியின் அக்கா விடவில்லை. அவர் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவர். காலை மெல்லப் பிடித்துப் பார்த்தார். வெறும் நடுக்கமென்றால் பிடித்ததும் நிற்கும், இது நிற்கவில்லை. போனில் வீடியோ எடுத்து டொக்டரிடம் நேரே காட்டினார். அப்புறம்தான் இரத்தத்தில் சீனி பார்த்து, வலிப்பை அடக்கும் பீனோபார்பிட்டோன் மருந்தை ஏற்றினார்கள்.

ஆம்புலன்ஸ் கிடைத்தது, கம்பளை தாண்டிக் கண்டிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே முதல் கேள்வியே, மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான். முதல் ஆஸ்பத்திரி தந்த டிரான்ஸ்பர் கடிதத்தில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தது. அளவு கூடினால் மூச்சை அடக்கும் மருந்து அது. முதல் டோஸ் தெரியாமல் அடுத்ததை எப்படிக் கொடுப்பது? அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தார்கள், எடுக்க ஆளில்லை. அதற்குள் மறுபடி வலிப்பு. மூளைப் பாதிப்பைக் குறைக்க உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சையைப் பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டுமாம். அந்த நேரமும் எங்களுக்குக் கடந்துவிட்டது.

அங்கிருந்த டொக்டர் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். வலிப்பின்போது மூளை சீனியையும் ஒட்சிசனையும் அளவுக்கு மீறிச் செலவழிக்கிறது. ஏற்கனவே அடிபட்ட இடம் அதைத் தாங்காமல் பாதிப்பு பெருகலாம். அடி பெரிதாக இருந்தாலே வலிப்பும் கூட வரும், அதனால் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனாலும் வலிப்பு நீண்ட பிள்ளைகளுக்குப் பின்னாளில் குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதால் தாமதிக்கக் கூடாது என்றார்.

மருந்துக்குப் பிறகு உடம்பு அடங்கியது. முடிந்தது என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். அந்த டொக்டர் விடாமல் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை, எடுக்கச் சொன்னார். கை கால் அசையாமல் கிடந்த பிள்ளையின் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது! இந்த மருந்துக்குப் பிறகு சிசுக்களிடம் அப்படி நடப்பதுண்டாம். இன்னொரு மருந்து சேர்த்த பிறகுதான் ஈஈஜியிலும் நின்றது. அந்த டொக்டருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

இப்போது கிளினிக், பிசியோதெரபி என்று போகிறோம். இடது கையில் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது.

தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பிரசவத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சந்தேகமான அசைவு எதுவானாலும் வீடியோ எடுங்கள், தொடங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். வண்டி கிளம்பும் முன் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், பிள்ளையின் நிறை நான்கும் கடிதத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்றால், ஈஈஜி பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.