இப்ப ஆள் எடுக்கலக்கா

"இப்ப ஆள் எடுக்கலக்கா." 2024 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு நான் சொன்னது இவ்வளவுதான். முந்தின நாள்தான், ஆடியோவைக் கேட்டு எழுதித்தரும் என் வேலைக்கான கோஆர்டினேட்டர் தம்பி கூப்பிட்டிருந்தார். "மேடம், மதுரைப் பக்கத்துப் பேச்சு ஆடியோ நிறைய வந்திருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாளே அக்கா போன் செய்தார், நான் விசாரிக்காமலே.

"ஏம்மா, நீ வீட்டுல உக்காந்து கேட்டு எழுதுறியே, அதுல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

கிடைக்கும் என்பதுதான் உண்மை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. 1984-ல் நான் இருபது வயதில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைத்துத்தரும் டிரங்க் போர்டில் உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கேற்பக் கால் டிக்கெட்டுகளைப் பிரித்து வைப்பதையும், பிபி கால் என்றால் பேசவேண்டிய ஆள் வருகிறவரை லைனை விடாமல் பிடித்திருப்பதையும் அவர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். இரைச்சலுக்குள் ஊர்ப் பெயரைப் பிடிப்பதில் அவர் காதுக்கு ஈடு கிடையாது. வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்டிடி வந்து டிரங்க் போர்டு ஓய்ந்தது. நம்பர் விசாரிக்கும் 197-ல் இருந்தோம், பழுதுப் புகார் வாங்கும் 198-ல் இருந்தோம், கடைசியில் பில் கவுன்டரில் இருந்தோம். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்களே, அந்த மாலை நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில்தான் வீடு திரும்பினோம்.

இப்படிப்பட்டவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணங்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு ஆங்கில டைப்ரைட்டிங் ஹையர் உண்டு, ஆனால் தமிழ் டைப்பிங் வராது. சமீபத்தில் போனில் பேசும்போது இரண்டு தடவை "என்னது?" என்று கேட்டிருந்தார், காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்தேன். வேலையும் சொல்வது போல எளிதில்லை. ஒரு மணி நேர ஆடியோவை எழுதி முடிக்க எனக்கே ஆறேழு மணி நேரம் ஆகிறது. பேசியவர் "வந்துட்டு வந்துட்டு" என்று திக்கினால் அதையும் அப்படியே எழுதவேண்டும், திருத்தினால் ஃபைல் திரும்பி வந்துவிடும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இவற்றில் எதையும் நான் யோசித்துப் பார்த்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது, காரணங்கள் பிறகு வந்து சேர்ந்தன.

உண்மையில் பயந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலையைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பென்சில் பேக்கிங் செய்தால் மாதம் 30,000 என்றார்கள், முதலில் அடையாள அட்டைக்குப் பணம் கட்டு என்றார்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய் என்று டெலிகிராமில் சேர்க்கப் பார்த்தார்கள். வங்கிக் கணக்கை மட்டும் கொடுங்கள், அதில் வந்துபோகிற பணத்துக்குக் கமிஷன் தருகிறோம் என்று ஒருவன் கேட்டான். அந்த மூன்றாவதுதான் இருப்பதிலேயே மோசம், திருட்டுப் பணம் நம் பெயரில் நடக்கும், கணக்கு முடங்கும், போலீஸ் நம் வாசலுக்கு வரும். இத்தனையையும் தாண்டி நேர்மையான ஒன்று கிடைத்தபோது அதை மடியில் கட்டிக்கொண்டேன். நான் கொண்டுபோய் விட்டவர் சரியாகச் செய்யாவிட்டால் என் பெயரும் சேர்ந்து கெடும், எனக்கு வரும் ஃபைல் குறையும் என்று தோன்றியிருக்க வேண்டும். இல்லை, அப்படியும் இல்லையோ. பொருத்தமில்லாத வேலையில் அவரைக் கொண்டுபோய் விடவேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம். தெரியவில்லை. இரண்டையும் எனக்கு நானே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னேன். பொய்யைவிட அதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

"வேற எதுவும் வந்தா பாருங்கக்கா. ஆனா வேலை குடுக்குறவன் பணம் கேட்டா மட்டும் போகாதீங்க. பணம் கேக்கலேன்னா பயப்பட வேண்டாம்."

நவம்பரில் பென்ஷனுக்கான லைஃப் சர்டிஃபிகேட் போட்டுத்தர அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தைக் காட்டிப் பதிவு செய்கிற ஜீவன் பிரமாண் ஆப் அக்காவுக்குக் கைவராது. அவருடைய போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கக்கா, இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது திரையின் மேலே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தது. ஃபைனல் வார்னிங், சூரத் கோர்ட், நான்பெய்லபிள் வாரன்ட். அக்கா சட்டென்று போனைப் பிடுங்கிக்கொண்டார். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை.

கதை மெதுவாகத்தான் வந்தது. என்னிடம் பேசி ஒரு வாரத்துக்குள் ஃபார்ம் ஃபில்லிங் வேலை என்று ஒரு பெண் போனில் பேசியிருக்கிறாள். ஐந்து நாளில் 500 படிவம், சரியாக இருந்தால் படிவத்துக்கு இவ்வளவு, துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. முத்திரைத்தாள் மாதிரி ஒன்றில் ஒப்பந்தம் அனுப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அக்கா ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து, மங்கலான ஸ்கேன் பக்கங்களைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார். கடைசி நாள் அவர்கள் இணையதளம் திறக்கவே இல்லை. மறுநாள் 84 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், சர்வர் செலவு 5,000, ஜிஎஸ்டி 900, மொத்தம் 5,900 கட்டுங்கள் என்றிருக்கிறார்கள். கட்டினார். அடுத்து வக்கீல் என்று ஒருவன் பேசினான். 11,800. அதையும் கட்டினார். மூன்றாவது மிரட்டலைத்தான் நான் பார்த்தேன்.

"ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ சொன்ன மாதிரிதாம்மா பாத்தேன். வேலை குடுக்கும்போது அவங்க ஒத்தக் காசு கேக்கலையே."

எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறேன். என் அறிவுரை தப்பில்லை, பென்சில் பேக்கிங்காரனிடமிருந்து அது அவரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் இந்த வகையில் பணம் முன்னால் கேட்கப்படுவதில்லை. வேலையை முடித்தபிறகு அபராதமாகக் கேட்கிறார்கள். உழைத்துத் தோற்றதாக நம்பவைத்துவிட்டு, அந்தத் தோல்விக்கு விலை கேட்கிறார்கள். முப்பத்தாறு வருஷம் ஒரு மெமோ வாங்காமல் வேலை பார்த்தவருக்கு 84 சதவீதம் என்ற எண் கோர்ட்டைவிடப் பெரிய அடி. பணத்தை அவர் கட்டியது அந்த வெட்கத்துக்குத்தான்.

அந்த நோட்டீஸை உட்கார்ந்து படித்தேன். ஐபிசி 420, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, ஆகஸ்ட்டில் ஒப்பந்தம் போட்டு நடந்த வேலைக்கு எந்த வக்கீலும் பழைய பிரிவைப் போட்டு அனுப்பமாட்டான். அது போக, துல்லியம் குறைந்தது குற்றமே இல்லை, உண்மையான ஒப்பந்தமாக இருந்தாலும் அது சிவில் வழக்கு, அதற்கு யாரும் கைது செய்ய வரமுடியாது. இதையெல்லாம் அக்காவிடம் அடுக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இது எல்லாம் தெரிஞ்ச நீ அன்னைக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அன்றே போன் செய்தோம், சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் பதிந்தோம். பணம் போன உடனே சொன்னால் அது கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வழியுண்டு. மூன்று மாதம் கழித்துச் சொன்ன எங்களுக்கு ஒப்புகை எண்தான் கிடைத்தது. மிரட்டல் எண்களுக்குப் பதில் சொல்லாமல் விட்டோம். பதினோரு நாள் அடித்தது, பிறகு ஓய்ந்தது. யாரும் வரவில்லை.

2023 டிசம்பரில் இப்படிப்பட்ட பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையால் முடக்கப்பட்டபோது அது வெளியிட்ட குறிப்பில், இவர்கள் குறிவைப்பது பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஊழியர்களை, பெண்களை, வேலையில்லாத இளைஞர்களை என்று சொல்லியிருந்தது. அக்கா முதல் இரண்டிலும் வருகிறார். நானும்தான்.

அப்படியானால் நான் எப்படித் தப்பித்தேன்? சாமர்த்தியத்தால் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். என் வேலையும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாகத்தான் வந்தது. பான் கார்டு கேட்டார்கள், பாஸ்புக் முதல் பக்கம் கேட்டார்கள். ஐந்து நிமிட ஆடியோவைச் சும்மா எழுதித்தரச் சொன்னார்கள். நானும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் ஏழு வாரம் ஒரு ரூபாய் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து வருமான வரிக் கணக்கு போடும்போது நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் பிடித்த டிடிஎஸ்ஸும் இருந்ததைப் பார்த்தபிறகுதான் நெஞ்சு நிதானித்தது. அதுவரை நான் போட்டதும் குருட்டுக் கணக்குதான். என்னுடையது ஜெயித்தது, அவருடையது தோற்றது. ஒரு வித்தியாசம் மட்டும் இப்போது தெரிகிறது. என் ஃபைல் திரும்பி வந்தபோது எந்த வரியில் என்ன தப்பு என்று குறித்து அனுப்பினார்கள், அக்காவுக்கு வெறும் சதவீதம்தான் வந்தது. எந்த 80 படிவம் தப்பு என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்கவேண்டும் என்று அவருக்குச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

போன மாதம் கோஆர்டினேட்டர் தம்பி மறுபடியும் ஆள் கேட்டார். இந்த முறை அக்காவிடம் லேப்டாப்போடு போனேன். பேசினால் தானே எழுத்தாகிற தமிழ்க் கீபோர்டைப் போனில் காட்டிக்கொடுத்து, ஆடியோவைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லவைத்து, சாம்பிளை முடித்தோம். சந்தைக்குள் பதிவான பேச்சு அது. ஓரிடத்தில் நான் மூன்று முறை கேட்டும் புரியாமல், கேட்கவில்லை என்று குறியிடலாம் என்றேன். அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"உசிலம்பட்டி வண்டிங்கிறான்" என்றார்.

திரும்ப ஓட்டினேன். அதுதான்.

சாம்பிளை அனுப்பிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அன்னைக்கு ஆள் எடுக்கலைன்னியே, இப்ப எடுக்குறாங்களா?"

"இப்பத்தான்க்கா கேட்டாங்க" என்றேன்.