பெகு நாட்குறிப்பு: வட்டமும் புள்ளியும்

ஜூன் 3

ரிப்போர்ட் வந்துவிட்டது. மார்பில் புற்றுநோய்தான். கட்டி 1.8 சென்டிமீட்டர், ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை. ஸ்கேனில் அக்குளில் ஒன்றும் தெரியவில்லை, ஆபரேஷனில்தான் உறுதியாகுமாம். டாக்டரம்மா உறையின் பின்பக்கம் பேனாவால் மார்புக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கட்டிக்கு ஒரு புள்ளி வைத்தார். புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம், இல்லை வட்டத்தையே எடுக்கலாம், ஆயுசு ரெண்டிலும் ஒன்றுதான் என்று பர்மியில் பொறுமையாகச் சொன்னார்.

ஜூன் 6

"மிச்சம் வெச்சுக்கிட்டு என்ன அண்ணி பண்ணப் போறீங்க? முழுசா எடுத்துட்டா திரும்ப வராதுல்ல" என்கிறாள் நாத்தனார். கோயிலிலும் இதே பேச்சுதான்.

ராத்திரி மகன் படித்துச் சொன்னான். அமெரிக்காவில் 1976ல் தொடங்கிய ஆய்வாம். 20 வருஷக் கணக்கு 2002ல் வந்தது. முழுசாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஆயுசில் வித்தியாசமில்லை. ஆனால் கட்டியை எடுத்துவிட்டுக் கரண்ட் வைக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்பியிருக்கிறது. வைத்தவர்களில் 14.

அப்படியானால் கரண்டைப் பாதியில் விடக்கூடாது. வீட்டு விளக்குக்கே கரண்ட் இல்லாத ஊரில்! எனக்கே சிரிப்பு வந்தது.

ஜூன் 9

என் வகை வருஷக்கணக்கில் கழித்தும் திரும்ப வருமாம். 2017ல் வந்த ஆய்வில், என்னைப்போலச் சின்னக் கட்டி, அக்குள் நெறியில் (நிணநீர்க் கணுவில்) பரவாதவர்களில், அஞ்சு வருஷம் ஹார்மோன் மாத்திரை முடித்த பிறகும், அடுத்த 15 வருஷத்தில் 13 சதவீதம் பேருக்கு உடம்பில் வேறெங்காவது வந்திருக்கிறது. வட்டத்தை எடுப்பதால் அது போய்விடாது. காவல் மாத்திரைதான்: தமோக்சிஃபென், தினம் ஒன்று. பி.பி. மாத்திரையையே வாரத்தில் ரெண்டு நாள் மறக்கிறவள் நான்.

ஜூன் 12

கரண்ட் வைக்க ரங்கூன் போக வேண்டும், 80 கிலோமீட்டர். 15 தடவை, வாரம் அஞ்சு நாளாக மூணு வாரம். மொகல் தெரு சித்தி வீட்டில், மூணாவது மாடியில் தங்கலாம். ஆனால் பக்கத்துத் தெரு அக்காவுக்கு நடுவில் மெஷின் நின்று பத்து நாள் இழுத்தது. அந்தப் பத்து நாளும் அவள் முகத்தைப் பார்த்தவள் நான்.

முழுசாகவே எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். நெறியில் ஒன்றும் இல்லையென்றால் அநேகமாகக் கரண்ட் வேண்டியிருக்காது என்றார் டாக்டரம்மா.

"அப்பவே சொன்னேன்ல அண்ணி!" என்றாள் நாத்தனார். நீ சொன்ன காரணம் இல்லடி என்று சொல்ல வாயெடுத்தேன். கல்லில் தனக்கா, முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து, அரைத்துக்கொண்டிருந்தாள், என் முகத்துக்கும் சேர்த்து. விட்டுவிட்டேன்.