சோப்பும் பிரஷ்ஷும்

"கண்ணு, உள்ள சோப்பு கொண்டுபோக விடுவாங்களா?"

இன்னிக்கு சேலத்துல கோர்ட் வாசல் புளியமரத்தடியில ஒரு அம்மா கேட்டாங்க. ஏற்காட்டுல காபி எஸ்டேட் கூலி. முதல் பஸ் புடிச்சு இறங்கி வந்திருக்காங்க. மடியில மஞ்சப் பை. அதுக்குள்ள ஒரு சோப்பு, அட்டை பிரிக்காத பிரஷ், மடிச்ச லுங்கி.

பையனுக்கு பத்தொன்பது வயசு. பாக்கெட்ல கஞ்சா பொட்டலம், மொத்தமே ஒரு கைப்பிடி இருக்காதாம்.

1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சா 1 கிலோ வரைக்கும் "சிறிய அளவு". அதுக்கே ஒரு வருஷம் வரை ஜெயில், 10,000 வரை அபராதம், இல்ல ரெண்டும். செடியோட பூவும் காயும்தான் சட்டப்படி கஞ்சா. தனியா இலை சேராது. அதனாலதான் உத்தரப்பிரதேசத்துல அந்த இலையை அரைச்சு செய்யற பாங்குங்கிற போதைப்பொருள் லைசென்ஸ் கடையிலயே விக்குது.

பசங்க கஞ்சா குடிக்கணும்னு நான் சொல்லல. அதுல படிப்பு போன, புத்தி கலங்கின பிள்ளைங்களை எங்க தெருவுலயே பார்த்திருக்கேன். விக்கிறவனைப் புடிங்க. ஆனா அடிமையாகிப்போன பையனுக்கு வேண்டியது வைத்தியம்.

அதுக்கும் இதே சட்டத்துல வழி இருக்கு. பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையானவன் சிறிய அளவோட சிக்கியிருந்தா, தானா முன்வந்து அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சையை முழுசா எடுத்துக்கிட்டா, வழக்குல இருந்து விலக்கு. இதை அந்த அம்மாகிட்ட இதுவரை ஒருத்தரும் சொல்லல!

பஸ் டிக்கெட் பின்னாடி "64ஏ, வக்கீல்கிட்ட கேளுங்க"ன்னு எழுதிக் கொடுத்தேன்.

படிக்கத் தெரியாதுன்னாங்க. நாலா மடிச்சு சுருக்குப் பையில வெச்சு, கயித்தை ரெண்டு தடவ இறுக்கிக் கட்டினாங்க.