7 சதவீத வட்டியில், விற்க ஆளில்லாத சந்தையில்: நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கிய அனுபவம்

வட்டி ஏறினால் வீட்டு விலை இறங்கும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. 2023 கடைசியில் எடிசன், மெட்டச்சன், ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் நாங்கள் வீடு தேட ஆரம்பித்தபோது வட்டி நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் விலை இறங்கவில்லை. வீடு பார்க்க வரும் கூட்டமும் குறையவில்லை. ஏன் அப்படி என்பது புரிந்த பிறகுதான் எங்கள் தேடலே உருப்பட்டது. அதனால் அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 30 வருஷ நிலை வட்டிக் கடனின் சராசரியை, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃப்ரெடி மேக் என்ற நிறுவனம் வாராவாரம் வெளியிடுகிறது. 2021 ஜனவரியில் அது 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபர் கடைசியில் 7.79. இந்த வித்தியாசம் மாதத் தவணையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 5 லட்சம் டாலர் கடனுக்கு 3 சதவீதத்தில் மாதம் சுமார் 2,108 டாலர். அதே கடனுக்கு 7 சதவீதத்தில் 3,327. வேறு விதமாகச் சொன்னால், 2,108 டாலர்தான் கட்ட முடியும் என்றால் 7 சதவீதத்தில் கிடைக்கும் கடன் 3 லட்சத்து 17 ஆயிரம்கூட வராது. முதல் மாதம் கட்டும் 3,327-இல் 2,900-க்கு மேல் வட்டிக்கே போய்விடும். இது வாங்குபவரின் பக்கம். இதை எல்லோரும் பேசுகிறார்கள்.

விற்பவரின் பக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டி. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றினால் பழைய கடன்காரருக்கும் தவணையோ காலமோ கூடும். இங்கே அப்படி இல்லை. 3 சதவீதத்தில் வாங்கியவருக்கு 30 வருஷமும் 3 சதவீதம்தான். ஆனால் வீட்டை விற்றால் அந்தக் கடனை அடைத்துவிட வேண்டும், அடுத்த வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்படியானால் இரண்டு படுக்கையறை வீட்டிலிருந்து மூன்றுக்கு மாற நினைக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யும்? கொஞ்சம் பெரிய வீட்டுக்காக இரண்டு மடங்குக்கும் மேல் வட்டி கட்ட யாருக்கு மனசு வரும்? இருக்கிற வீட்டிலேயே மாடியை நீட்டிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாங்கள் தேடிய காலத்தில் நாட்டில் கடன் உள்ள வீடுகளில் பாதிக்கும் மேல் 4 சதவீதத்துக்குக் கீழான வட்டியில் இருந்தன. அத்தனை பேரும் சந்தைக்கு வராமல் நின்றுவிட்டார்கள்.

ஆக, வட்டி ஏறியதும் வாங்குபவர்கள் குறைந்தார்கள், விற்பவர்களும் சேர்ந்தே குறைந்தார்கள். 2023-இல் அமெரிக்கா முழுவதும் விற்ற பழைய வீடுகள் சுமார் 40.9 லட்சம். 1995-க்குப் பிறகு இவ்வளவு குறைவாக விற்றதே இல்லை. ஆனாலும் அதே வருஷம் இடைநிலை விலை (விற்ற வீடுகளில் பாதி அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்) புதிய உச்சத்தைத் தொட்டது. புது லிஸ்டிங், அதாவது விற்பனை அறிவிப்பு, எதுவுமே வராவிட்டால், விற்பனையில் இருக்கிற வீடுகள் விற்றுத் தீர எத்தனை மாதம் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. ஐந்து, ஆறு மாதம் என்றால் இரண்டு தரப்புக்கும் சமமான சந்தை என்பார்கள். அந்த வருஷக் கடைசியில் நாடு முழுவதற்குமே அது மூன்று, மூன்றரை மாத அளவில்தான் இருந்தது. ரயில் நிலையமும் நல்ல பள்ளியும் பக்கத்தில் இருக்கும் நியூ ஜெர்சி ஊர்களில் நிலைமை இன்னும் மோசம்.

ஆனால் எல்லா ஊரிலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டல்லாஸ் பக்கம் இருக்கும் என் நண்பர் அதே சமயத்தில் புது வீடு வாங்கினார். அங்கே நிலம் இருக்கிறது, பில்டர்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வட்டி ஏறியதும் அவர்கள் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக, கடன் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து வட்டியைக் குறைத்துத் தந்தார்கள். முதல் வருஷம் 2 சதவீதம் குறைவு, இரண்டாம் வருஷம் 1 சதவீதம் குறைவு, அப்புறம் முழு வட்டி என்பது அதில் ஒரு வகை. "நீயும் பில்டரிடம் கேளேன்டா" என்று நண்பர் சொன்னார். எந்தப் பில்டரிடம் கேட்பது? நாட்டிலேயே மக்கள் நெருக்கம் அதிகமான மாநிலம் எங்கள் நியூ ஜெர்சி. ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள் எல்லாம் எப்போதோ கட்டி முடிந்தவை. மிச்சம் இருக்கும் இடத்திலும் ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற நகராட்சி விதி பல இடங்களில் உண்டு. புது வீடு என்றால் பெரும்பாலும் கேப் காட் என்னும் பழைய பாணிச் சின்ன வீட்டை இடித்துக் கட்டிய மாளிகைதான், அதன் விலை எங்களுக்கு எட்டாது. அமெரிக்க வீட்டுச் சந்தை இப்படி, அப்படி என்று செய்தியில் வருவதை உங்கள் ஊருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். வட்டி நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் எத்தனை வீடு விற்பனைக்கு வருகிறது என்பது ஊருக்கு ஊர் வேறு.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் வேலை, இவ்வளவு வரை கடன் தருவோம் என்ற ப்ரீ-அப்ரூவல் கடிதத்தைக் கடன் கொடுப்பவரிடம் வாங்குவது. அதில் வரும் உச்சத் தொகையை நாங்கள் எங்கள் வரம்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாநிலத்தில் 2023-இல் பிராபர்ட்டி டாக்ஸ் சராசரியே வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு நெருக்கம். ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளுக்கு, ஊர் எல்லை மாறினால் வரி மாதம் சில நூறு டாலர் வித்தியாசப்படும். அதனால் அசல், வட்டி, வரி, காப்பீடு நான்கையும் கூட்டி மாதம் இவ்வளவுதான் என்று ஓர் எண்ணை முடிவு செய்துகொண்டோம். வட்டி கால் சதவீதம் நகர்ந்தாலும் எங்கள் உச்ச விலையும் அதோடு நகர்ந்தது. மனைவி இதை ஒரு அட்டவணையாகவே வைத்திருந்தாள். வீட்டைப் பார்த்து மயங்கி நிற்கும்போது எங்களைத் தரைக்கு இழுத்தது அந்த அட்டவணைதான்.

சந்தையின் நடை எப்படி என்றால், வியாழக்கிழமை வாக்கில் வீடு லிஸ்டிங்கில் வரும். சனி, ஞாயிறு ஓப்பன் ஹவுஸ், அதாவது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வாசலில் வரிசை. திங்களோ செவ்வாயோ "உங்கள் கடைசி, சிறந்த ஆஃபரை இந்த நேரத்துக்குள் அனுப்புங்கள்" என்று தகவல் வரும். மற்றவர்கள் எவ்வளவு சொன்னார்கள் என்பது தெரியாது. கேட்ட விலைக்கு மேல் கொடுத்தும் பல வீடுகள் கை நழுவின. ஒரு வீட்டில் எங்கள் ஆஃபரை ஏற்றுக் கையெழுத்தும் போட்டார்கள். நியூ ஜெர்சியில் அதற்கு அப்புறம் மூன்று வேலை நாள் வக்கீல் ஆய்வுக் காலம் உண்டு. அதற்குள் இரண்டு தரப்பில் யாருடைய வக்கீலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் வேறொருவர் கூடுதல் விலை சொல்ல, விற்பவர் அந்தப் பக்கம் போய்விட்டார். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வக்கீல் ஆய்வு முடிந்தது என்ற கடிதம் வரும்வரை ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொல்லாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வங்கி கடன் கொடுப்பது ஒப்பந்த விலை, அப்ரைசல் (மதிப்பீட்டாளர் போடும்) மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான். 6,20,000 என்று ஒப்புக்கொண்டு அப்ரைசல் 6,00,000 என்று வந்தால், நடுவில் உள்ள 20,000 உங்கள் கையிலிருந்து ரொக்கமாகப் போக வேண்டும். போட்டி அதிகமான வீடுகளில் இந்த இடைவெளியை இவ்வளவு வரை நானே தருகிறேன் என்று ஆஃபரிலேயே எழுதுகிறார்கள். நாங்களும் ஓர் எல்லை வைத்து எழுதினோம். நிபுணரை வைத்து வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷனை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாய் கசிவு, பழைய ஜன்னல் போன்ற சில்லறை விஷயங்களுக்குப் பணம் கேட்க மாட்டோம், ஆனால் கட்டுமானமும் சுற்றுச்சூழலும் பார்த்தே தீருவோம் என்று எழுதினோம்.

சுற்றுச்சூழல் என்றால் இங்கே முக்கியமாக இரண்டு. ஒன்று பேஸ்மென்ட்டில் ரேடான் என்னும், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு. இன்னொன்று, பழைய வீடுகளில் தோட்டத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் எண்ணெய்த் தொட்டி. ஒரு காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரித்தார்கள். பிறகு எரிவாயுவுக்கு மாறியபோது பல தொட்டிகளை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டார்கள். அது துருப்பிடித்துக் கசிந்து மண்ணைக் கெடுத்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு வீட்டின் தற்போதைய உரிமையாளர் தலையில் விழும். சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது. தொட்டி இருக்கிறதா என்று கருவி வைத்துத் தேட ஆகும் செலவு சில நூறு டாலர். எவ்வளவு போட்டி இருந்தாலும் இதை விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்குத் திருப்பம் வந்தது, தேடும் விதத்தை மாற்றியபோது. குறைந்த வட்டியில் மாட்டிக்கொண்டவர்கள் விற்க மாட்டார்கள் என்றால், இப்போது விற்பது யார்? இறப்பு, விவாகரத்து, வேலை மாற்றம், ஓய்வு என்று வாழ்க்கை நகர்த்தும் ஆட்கள். இன்னொரு கூட்டம், கடனே இல்லாதவர்கள். சொந்த வீட்டில் வாழும் அமெரிக்கர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருக்கு வீட்டின் மேல் கடன் கிடையாது. 7 சதவீத வட்டி அவர்களைக் கட்டிப்போடாது. கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் (நம் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி) ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. ஒரு வீட்டின் மேல் எப்போது கடன் பதிவானது, அது அடைந்ததற்கான பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். ஒரு வீடு பிடித்தால் நாங்கள் முதலில் அதைத்தான் பார்த்தோம். 2021-இல் மறுகடன் (பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டியில் எடுக்கும் புதுக் கடன்) எடுத்திருந்தால் விற்பவர் விலையில் பிடிவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம், அவருக்கு ஒவ்வொரு டாலரும் அடுத்த வீட்டுக்குத் தேவை. கடன் அடைந்து பல வருஷம் ஆகியிருந்தால் அவருக்கு விலையைவிட முக்கியமான ஏதோ ஒன்று இருக்கக்கூடும். அது என்ன என்று கேட்கச் சொல்லி எங்கள் ரியல்டர் (வீட்டுத் தரகர்) அக்காவை அனுப்பினோம்.

அப்படித்தான் அந்த ஸ்ப்ளிட் லெவல் வீடு (அரை மாடி அரை மாடியாகத் தளங்கள் உள்ளது) அமைந்தது. வயதான தம்பதி, கடன் இல்லை, மகள் இருக்கும் மாநிலத்துக்குப் போகிறார்கள். அங்கே கட்டிக்கொண்டிருந்த வீடு இன்னும் தயாராகவில்லை, அவர்களுக்கு வேண்டியது அவகாசம். க்ளோசிங் (பணம் கொடுத்து வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றுவது) முடிந்த பிறகும் அவர்கள் சில வாரங்கள் வாடகை கொடுத்து அங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். எங்களைவிடக் கூடுதல் விலை சொன்னவர்கள் இருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. தம்பதி எங்களுக்கே கொடுத்தார்கள். எங்கள் மகளின் பள்ளி, பூர்வீகம் எல்லாம் எழுதி உருக்கமாக ஒரு கடிதம் வைக்கலாமே என்று நான் முதலில் கேட்டபோது அக்கா வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். மதம், இனம், குடும்ப நிலை பார்த்து வீடு விற்பது 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டத்துக்கு விரோதம், அப்படிப்பட்ட கடிதம் விற்பவரையே சிக்கலில் மாட்டிவிடும் என்றார்.

வட்டியை நாங்கள் உறுதி செய்தது 2024 வசந்த காலத்தில், 7 சதவீதத்துக்கு ஒட்டி. பாயிண்ட் வாங்கி வட்டியைக் குறைக்கலாமே என்று லோன் ஆபீசர் சொன்னார். கடனில் 1 சதவீதத்தை முன்பணமாகக் கட்டினால் வட்டி சுமாராகக் கால் சதவீதம் குறையும். 5 லட்சத்துக்கு 5,000 டாலர் கட்டி, 7-ஐ 6.75 ஆக்கினால் மாதம் மிச்சம் சுமார் 83 டாலர். போட்ட பணம் திரும்ப ஐந்து வருஷம் ஆகும். அதற்குள் வட்டி இறங்கி மறுகடன் எடுத்தால் அந்தப் பணம் போனதுதான். நாங்கள் வாங்கவில்லை, ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டோம்.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (ஃபெட்) வட்டியைக் குறைக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்த நண்பர்கள் எங்களுக்கு உண்டு. 2024 செப்டம்பரில் ஃபெட் அரை சதவீதம் குறைத்தது. வீட்டுக் கடன் வட்டியோ அந்தக் குறைப்பை எதிர்பார்த்து முன்பே இறங்கியிருந்தது. செப்டம்பர் கடைசியில் 6.08 வரை வந்து, பிறகு திரும்ப ஏறி நவம்பரில் 6.8-ஐத் தாண்டியது. 30 வருஷக் கடன் வட்டி ஃபெட்டின் ஒரு நாள் வட்டியைவிட 10 வருஷ அரசுக் கடன் பத்திரத்தின் போக்கையே அதிகம் பின்தொடர்கிறது. வட்டி இறங்கும்போது விற்பவர்கள் கொஞ்சம் பேர் வெளியே வருவார்கள், உண்மைதான். காத்திருந்த வாங்குபவர்களும் அதே நாளில்தான் வருவார்கள். வீடு குறைவான ஊரில் அந்தக் கூட்டம் விலையில்தான் தெரியும். மாதத் தொகை இன்றைய வட்டியிலேயே தாங்கும், ஐந்தாறு வருஷமாவது அந்த ஊரில் இருப்போம் என்றால் வாங்கலாம் என்பது என் கருத்து. வட்டி இறங்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் தாங்குகிற வீடு என்றால் வேண்டாம்.

இப்போது தேடுபவர்களுக்கு ஒரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 17 முதல், ரியல்டர் உங்களை வீடு பார்க்க அழைத்துப் போகும் முன்பே அவருடைய கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அந்தத் தொகை பேசிக் குறைக்கக்கூடியது. எத்தனை மாதத்துக்கு அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் குறுகிய காலத்துக்குப் போட்டு, வேலை பிடித்தால் நீட்டிக்கொள்ளலாம்.